சிலோன்காரர் திறந்த மீட்டர்

அறுபதுகளின் முன்பாதியில் நான் கொடைக்கானலில் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் பழனி. சீசனில் ஏரிக்கரையில் நின்று டூரிஸ்டுகளைப் பிடிப்பேன். சீசன் முடிந்தால் கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ. பஜாருக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஒன்றில் சமையலும் படுக்கையும். மற்றதை ஜன்னல் அடைத்து இருட்டறை ஆக்கியிருந்தோம். பிலிம் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் என் மனைவி. கல்யாணமான இரண்டாம் வருஷமே அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

என்னிடம் இருந்த நல்ல கேமரா ஒன்றே ஒன்று. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கியது. ஜெர்மனியில் செய்தது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு மேலேயிருந்து குனிந்து பார்க்கவேண்டும். அதில் வெளிச்சத்தை அளக்க ஒரு மீட்டரும் இருந்தது. லென்ஸுக்கு மேலே தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக ஒரு கண்ணாடிப் பட்டை. அதில் வெளிச்சம் பட்டால், பக்கத்தில் நகத்தளவு ஜன்னலுக்குள் மயிர் போன்ற ஒரு முள் அசைந்து ஓர் எண்ணில் நிற்கும். அந்த எண்ணை லென்ஸுக்குப் பக்கத்துச் சக்கரத்தில் வைத்துவிட்டுப் படம் எடுக்கவேண்டும். எண் கூடினால் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே கொஞ்சம் விட்டால் போதும் என்று அர்த்தம்.

வாங்கிய புதிதில் அதில் எடுத்த படமெல்லாம் வெளுத்து விழுந்தது. மீட்டர் கொஞ்சம் மந்தம் என்று தெரிந்தது. பழகப் பழகச் சரியாகிவிட்டது. எப்படிச் சரியானது என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. நாலு வருஷம் அதை வைத்துத்தான் சாப்பிட்டோம்.

ஒரு ஐப்பசி அடைமழையில் முள் அசையாமல் நின்றுவிட்டது. வெயிலில் காட்டினேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தேன். கிடந்த இடத்திலேயே கிடந்தது. மெட்ராஸுக்கு அனுப்பலாம், ஆனால் அங்கே போன சாமான் எப்போது திரும்பும், எந்த உருவத்தில் திரும்பும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. தை மாதம் மன்னவனூரில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பஜாரில் சிலோன்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். கம்பளிக்கடை ராவுத்தர் தன் கடையின் ஓரத்தில் ஒரு மேஜை போட இடம் விட்டிருந்தார். அதில் கடிகாரம் ரிப்பேர். நாற்பது வயது இருக்கும். சிலோனில் தேயிலை பேக்டரியில் மெஷின்களையும் மீட்டர்களையும் பார்த்துக்கொண்டிருந்தவராம். பெண்சாதியும் மகளும் இன்னும் அங்கேதான், இந்தியா வரக் காகிதம் கிடைத்ததும் வருவார்கள் என்று சொல்லுவார். அதைப் பஜாரில் பலர் நம்பவில்லை. குடும்பத்தை விட்டுவிட்டு ஓடிவந்த ஆள் என்று டீக்கடையில் பேச்சு. நானும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு டீ குடித்தவன்தான்.

வேறு வழியில்லாமல் கேமராவை அவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் காதை வைத்து மெல்லத் தட்டினார்.

"செய்யலாங்க அய்யா. ஈரம் ஏறியிருக்கு."

"இங்கனயே தொறந்து பாருங்க. நான் உட்கார்ந்திருக்கேன்."

"இங்க வெச்சுத் தொறக்க ஏலாதுங்க. கம்பளித் தூசி பறக்குது. மயிர் இழை ஒண்ணு உள்ள போனா முள்ளு நிக்கும். அறைக்குக் கொண்டுபோய்த்தான் செய்யணும்."

சொன்னது நியாயம்தான். ஆனால் சந்தேகம் விடவில்லை. என் கண் எதிரே திறக்கமாட்டேன் என்கிற ஆள் உள்ளே என்ன செய்வான்? ஜெர்மன் சாமானை எடுத்துக்கொண்டு வேறு எதையாவது வைத்து மூடிவிட்டால் எனக்கு என்ன தெரியும்? கொடுப்பதற்கு முன்னால் கேமராவின் ஒவ்வொரு அங்குலத்தையும் பார்த்து மனதில் பதித்துக்கொண்டேன். மீட்டர் ஜன்னல் கண்ணாடியில், இடது மூலையில், எள் முனை அளவு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதைக் குறித்துக்கொண்டேன்.

ஒரு வாரம் என்றார். ஒரு வாரம் கழித்துப் போனால், "இன்னும் கொஞ்ச நாள் சுணங்குமுங்க" என்றார். இன்னொரு வாரம். மறுபடி போனேன்.

"என்ன, வெரசா முடியுமா முடியாதா?"

"முடிஞ்ச மாதிரித்தாங்க. சரிபார்க்க ஒரு ஆள் வேணும்."

"என்ன ஆள்?"

அவர் ஒரு கைக்கடிகாரத்துக்கு மேல் குனிந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளனே பால் வாங்கப் போனவன், ஏரிக்கரையில் அவரைப் பார்த்தேன். பனி இன்னும் தண்ணீர் மேலேயே இருந்தது. என் கேமராவை அவர் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர். சிலோன்காரர் கேமராவை மரத்துக்கு நேரே காட்டுகிறார், தண்ணீருக்கு நேரே காட்டுகிறார், வெள்ளைக்காரர் குனிந்து பார்க்கிறார். இரண்டு பேரும் இங்கிலீஷில் என்னவோ பேசிக்கொள்கிறார்கள். விலை பேசுகிறார் என்று முடிவுகட்டினேன். பால் செம்போடு நேரே போய் நின்றேன்.

"என் கேமரா இங்க எதுக்கு வந்துச்சு?"

சிலோன்காரர் திடுக்கிட்டுப் போனார். வெள்ளைக்காரர் சிரித்தபடி தன் கோட்டுப் பையிலிருந்து தனி மீட்டர் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி.

"இவுங்க மீட்டரும் நம்ம மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டுதான்னு பார்த்தோங்க அய்யா" என்றார் சிலோன்காரர். "ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யக்கூடாதா?"

"சொல்லியிருக்கணும்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கேமராவை அங்கேயே வாங்கிக்கொண்டேன். முள் அசைந்தது, முன்னைவிடத் துடியாகவே அசைந்தது. ஆனால் ஜன்னல் மூலையில் சில்லு இல்லை. வழுவழுவென்று புதுக் கண்ணாடி.

"கண்ணாடி மாத்தினீங்களா?"

"இல்லீங்க அய்யா. தொடச்சேன். பழைய கண்ணாடிதான்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பொய் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கண்ணாடி விஷயத்திலேயே பொய் சொல்கிறவன் உள்ளே எதையெல்லாம் மாற்றியிருப்பான்? வெள்ளைக்காரர் எதிரில் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் சொன்னேன்.

"முள்ளு அசையுதுல்ல?" என்றாள்.

"அசையுது."

"அப்புறம் என்ன. படம் எடுத்துப் பார்த்தாத் தெரிஞ்சிரும்."

எடுத்துப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. மழைக்காலத்தில் வேலையும் இல்லை. பிலிமை வீணாக்க மனமும் இல்லை. மன்னவனூர்க் கல்யாணம் வந்துவிட்டது. பூம்பாறை வரை லாரியில் போய், அங்கிருந்து நடந்தேன். உருளைக்கிழங்கு விவசாயம் செய்கிற பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் யாரையும் அதற்கு முன் போட்டோ எடுத்ததில்லை. பொண்ணு மாப்பிள்ளை, இரண்டு பக்கத்துச் சனம், பந்தி என்று மூன்று ரோல் எடுத்தேன். பளிச்சென்ற வெயில். முள்ளை ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் எடுத்தேன்.

மறுநாள் மனைவி பிலிமைக் கழுவிக் கயிற்றில் தொங்கவிட்டாள். என்னைக் கூப்பிடாமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டிப் பார்த்தேன். நெகட்டிவில் உருவமே சரியாக ஏறவில்லை. சிலந்தி வலை மாதிரி மெலிசாகத் தெரிந்தது. பிரிண்ட் போட்டால் எல்லார் முகமும் கறுத்துப் போய், கண் எது மூக்கு எது என்று தேடவேண்டியிருந்தது.

முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டேன்.

"மருந்து பழசா? தண்ணி ரொம்பக் குளுந்து போச்சா?"

"நேத்துக் கலக்குன மருந்து. தண்ணியச் சுடவச்சு அளந்துதான் ஊத்துனேன்." அவள் குரல் தணிந்துபோயிற்று. "ஸ்கூல் புள்ளைகளோட போட்டோவும் இதே மருந்துலதான் கழுவுனேன். அது நல்லா இருக்கே."

அது என் பழைய பெட்டிக் கேமராவில் எடுத்தது. அப்படியென்றால் மருந்தில் தப்பில்லை. மிச்சம் இருப்பது மீட்டர்தான்.

மன்னவனூர்க்காரர்கள் படம் வாங்க வந்தார்கள். பெண்ணின் அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எம்மக மூஞ்சி இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். சண்டை போடவில்லை. படங்களை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு தடவை அந்தக் கல்யாணத்தை நடத்தவா முடியும்?

அந்தக் கோபத்தோடு டீக்கடைக்குப் போனேன். ராவுத்தரும் இருந்தார், இன்னும் நாலைந்து கடைக்காரர்களும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். என் கண் எதிரே திறக்கமாட்டேன் என்றது, இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தடித்தது, ஏரிக்கரையில் வெள்ளைக்காரனோடு நின்றது, கண்ணாடியை மாற்றிவிட்டு இல்லை என்றது. "உள்ள இருந்த ஜெர்மன் சாமானை எடுத்துக்கிட்டு எதையோ வச்சு மூடிட்டான்" என்று முடித்தேன். 'இருக்கலாம்' என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்தவன் மாதிரி சொன்னேன்.

ஒருத்தர், "என் வாட்ச்கூட அவன்கிட்டப் போய் வந்ததுலேர்ந்து பிந்திப்போகுது" என்றார். இன்னொருத்தர், "குடும்பத்தையே விட்டுட்டு வந்தவன்" என்றார். அந்த வாரமே அவர் மேஜையில் இருந்த கடிகாரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. ராவுத்தர் மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்யச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அப்போது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

என் மனைவி மட்டும் அந்த நெகட்டிவ்களை விடவில்லை. பகலில் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, மீட்டர் கெட்டுப்போயிருந்தா ஒண்ணு கறுத்து, ஒண்ணு வெளுத்து, கன்னாபின்னான்னுல்ல இருக்கணும்? இது மூணு ரோலும் ஒரே அளவு மெலிசா இருக்கு. அளந்து குறைச்ச மாதிரி."

"அவன் வச்ச சாமான் அப்படி."

"கேமராவ எடுங்க. என்னைய ஒரு படம் எடுங்க."

வாசலில், துணி காயப்போட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் முள்ளைப் பார்த்தேன்.

"எத்தனை காட்டுது?"

"பன்னெண்டு."

சக்கரத்தைத் திருப்பிவிட்டுக் குனிந்தேன். அதற்குள் அவள் நடந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டுன்னு சொல்லிட்டு ஏன் பதினாலுல வச்சிருக்கீங்க?"

"எங்க வச்சேன்?"

"பாருங்க."

சக்கரம் பதினாலில் நின்றது. என் கட்டைவிரல் இன்னும் அதன் மேல்தான் இருந்தது. பன்னிரண்டில் நிறுத்திவிட்டு, டிக் டிக் என்று இரண்டு பல் தானாகத் தள்ளிவிட்டிருந்தது. நாலு வருஷமாக அந்த மந்த மீட்டர் எப்போதும் இரண்டு எண் குறைத்துக் காட்டியிருக்கிறது. நான் அதை நம்பாமல் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கூட்டி வைத்துப் பழகியிருக்கிறேன். பழக்கம் கைக்குப் போய்விட்டது; புத்தியிலிருந்து மறைந்துவிட்டது. இப்போது மீட்டர் உள்ளதைக் காட்டுகிறது. என் விரல் மட்டும் இன்னும் அதை நம்பவில்லை.

பன்னிரண்டில் வைத்து ஒன்று, பதினாலில் வைத்து ஒன்று எடுத்தேன். அவள் கழுவினாள். முதல் படத்தில் கொடியில் கிடந்த துண்டின் கரை இழைகூட எண்ணலாம் போல இருந்தது. இரண்டாவது, வெளிச்சம் போதாமல் கறுத்துப்போய், மன்னவனூர்ப் படங்களின் கூடப்பிறந்தது.

இரண்டு படத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். சட்டையை மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன்.

சிலோன்காரர் மேஜையைத் துடைத்து, சின்னச் சின்ன டப்பாக்களைத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு படங்களையும் அவர் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் படங்களைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தேன்கூட்டுக் கண்ணாடிக்கு அடியில வெளிச்சம் வாங்குற செல்லு இருக்குங்க, அதோட ஓரத்துல பச்சை பூத்துப்போயி ஒட்டாமக் கெடந்துச்சுங்க. அதத்தான் சுரண்டிச் சுத்தம் பண்ணேன். முள்ளு உட்கார்ற குழியில துரு. அதையும் எடுத்தேன். வேற ஒண்ணும் செய்யல. உள்ள இருந்த சாமான் உள்ளதான் இருக்கு."

"தெரியுது. நான் பேசினது தப்பு."

அவர் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். பிறகு சொன்னார்: "கண்ணாடி மாத்தினது நெசந்தாங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தொறக்கும்போது கை நழுவி விழுந்து ரெண்டாப் போச்சு. பழைய வாட்ச் கண்ணாடி ஒண்ணைத் தேய்ச்சு அளவாப் போட்டேன். அதுக்குத்தான் அவ்வளவு நாள் சுணங்கினது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா? என் கண் முன்னாடி தொறன்னு கேட்டீங்க. இந்தப் பஜார்ல என்னைய என்ன பேசறாங்கன்னு எனக்கும் காது இருக்குல்லங்க. ஒரு கண்ணாடி ஒடஞ்சுதுன்னு சொன்னா, ஒம்பது சாமான் போச்சும்பாங்கன்னு நெனச்சேன். சொல்லாம விட்டதாலயும் அதே பேச்சுத்தான் வந்துச்சு."

நான் தப்பாகக் கண்டுபிடித்தேன் என்றும் சொல்லமுடியவில்லை, சரியாகக் கண்டுபிடித்தேன் என்றும் சொல்லமுடியவில்லை. அங்கிருந்து நேரே ராவுத்தரிடம் போனேன். உள்ளே கம்பளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் படங்களைக் காட்டிச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு வந்து மாத்திட்டான்னு அடிச்சுச் சொன்னீங்க. இன்னைக்கு வந்து இல்லங்கறீங்க. கண்ணாடியை மாத்துனானா இல்லையா?"

"மாத்தினார். அது ஒடஞ்சு போனதால."

"அப்ப மாத்தியிருக்கான். பொய்யும் சொல்லியிருக்கான்." ஒரு கம்பளியை மடித்து வைத்தார். "நீங்க நல்ல மனுசன், தம்பி. அவன் வந்து அழுதிருப்பான், மனசு எளகிட்டீங்க. இடத்தை ஸ்வெட்டர் விக்கிறவனுக்குப் பேசியாச்சு."

டீக்கடையிலும் அப்படித்தான். நான் முதலில் சொன்னதைக் கவனமாகக் கேட்டவர்கள், இரண்டாவது சொன்னதைப் பாதியிலேயே தலையாட்டி முடித்துவிட்டார்கள். ஒருத்தர் என்னைத் தனியாக அழைத்துப்போய், "அவன் ஏதாச்சும் மிரட்டுனானா?" என்று கேட்டார். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். என்னையே ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள்.

மாதக் கடைசியில் சிலோன்காரர் வத்தலக்குண்டு பஸ்ஸில் கிளம்பினார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டிகள் பெருகிக்கொண்டிருந்தன. அங்கே ரேடியோ, மோட்டார் ரிப்பேருக்கு ஆள் தேவை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தகரப் பெட்டியை பஸ் மேலே ஏற்ற நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்ததும், "அந்தப் பக்கம் சோலி இருந்தா வாங்க அய்யா" என்றார். மனதாரச் சொன்னாரா, வாய்க்குச் சொன்னாரா என்று பஸ் வளைவில் திரும்பும்வரை யோசித்துக்கொண்டு நின்றேன்.

மன்னவனூருக்கு நானே போனேன். பொண்ணும் மாப்பிள்ளையும் மறுபடி பட்டுக் கட்டி நின்றார்கள். ஒரே ஒரு படம். பெண்ணின் அப்பா மோர் கொடுத்தார், அதிகம் பேசவில்லை.

இரண்டு வருஷம் போய்த்தான் ஒட்டன்சத்திரத்தில் இறங்கினேன். மண்டித் தெருவில் விசாரித்ததும் உடனே காட்டிவிட்டார்கள். "சிலோன் ரேடியோக்காரரா? நேரா போங்க." சின்னக் கடைதான், ஆனால் சொந்தமாகப் பூட்டும் கதவும் உள்ள கடை. லாரி டிரைவர்கள் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிலோன்காரர் எழுந்து நின்றார். டீ வாங்கி வரச்செய்தார். பெண்சாதியும் மகளும் கப்பலில் வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது என்றார். வீடு கடைக்குப் பின்னால்தான். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார். "மூணு பேருமாச் சேர்ந்து ஒரு படம்கூட இல்லீங்க" என்றார். கேட்டாரா, சும்மா சொன்னாரா, தெரியவில்லை. அன்றைக்கு நான் கேமரா கொண்டுபோகவில்லை.

அடுத்த வாரம் அதற்கென்றே போனேன். கடைக்குப் பின்னால் வேப்பமரத்து நிழலில் மூன்று பேரையும் நிறுத்தினேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படியச் சீவியிருந்தார். மகள் புது ரிப்பன் கட்டிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். அவருடைய மனைவி உயரமான பெண்மணி. நான் வந்ததிலிருந்து என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் யார் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

முள்ளைப் பார்த்தேன். அது காட்டிய எண்ணில் வைத்தேன். "எல்லாரும் இந்தக் கண்ணாடியைப் பாருங்க" என்று கீழ் லென்ஸைத் தொட்டுக் காட்டிவிட்டுக் குனிந்தேன். இரண்டு படம் எடுத்தேன். இரண்டும் நன்றாக விழுந்தன. நிழலில் நின்றும் மூன்று முகமும் தெளிவாக இருந்தன. ஒன்றைச் சட்டம் போட்டு அனுப்பினேன். ஒன்று என்னிடம் இருக்கிறது. அவரும் மகளும் லென்ஸைப் பார்க்கிறார்கள். அந்த அம்மா அதைப் பார்க்கவில்லை. ஒரு முழம் மேலே, கேமராவின் மேல் குனிந்திருந்த என் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.